மீன் ஆயும் மேசை

என் கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் ஒரு துணிப்பையும் ஒரு கட்டுத் தூண்டில்களும்தான் இருந்தன. எண்பதுகளின் நடுவில், ஈய விலை விழுந்து, ஈப்போவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த ஈயக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோன சமயம் அது. குட்டைத் தண்ணீரில் மிதந்தபடி இரவும் பகலும் மண்ணை அள்ளிச் சலிக்கும் அந்த இரும்புக் கப்பல்களில் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். கப்பல் நின்றதும் கம்பெனி கொடுத்திருந்த வீடும் போயிற்று.

"வேல கெடைக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்லா," என்றார் என் கணவர்.

நானும் சரி என்றேன். அவருடைய சொந்தத் தம்பி, வேறு என்ன சொல்வது?

குனோங் ராபாட்டில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த ஓர் இடம், இரண்டு அறைகள், சமையல்கட்டு, அதற்குப் பின்னால் பாய் விரித்தால் நாலைந்து பேர் படுக்கலாம் என்கிற அளவுக்குச் சிமெண்டுத் தரை. அதையும் தாண்டினால் லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடை. அப்புறம் பின்சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வரிசை வீடுகளின் பின்கதவுகள். அவற்றின் கூரைகளுக்கு மேலே சுண்ணாம்பு மலை செங்குத்தாக நிற்கும். காலையில் கதவைத் திறந்ததும் அந்த மலை முகத்துக்கு நேரே வந்து நிற்கும். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, போகிற வழியை யாரோ அடைத்துவிட்டதுபோல் இருக்கும்.

நான் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகும் வரை பால்மரம் வெட்டியவள். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓடிப் பட்டையைச் சீவி, வெயில் ஏறியதும் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவள். அப்படிப் பழகிய உடம்புக்கு இந்த வீட்டில் வேலை போதவில்லை. கூட்டுவேன், துடைப்பேன், சமைப்பேன்; காலை ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும். பிறகு முன்கதவுக்கும் பின்கதவுக்குமாக நடப்பேன். துவைத்த துணியை மறுபடி எடுத்துத் துவைத்ததும் உண்டு. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. கணவர் ஜொகூர் பாருவுக்கு ஓடும் விரைவு பஸ்ஸில் ஓட்டுநர். போனால் மறுநாள்தான் வருவார். வந்தால் தூங்குவார்.

இந்த வீட்டுக்குள்தான் இன்னோர் ஆள், அதுவும் என்னைப்போலவே உட்காரத் தெரியாத ஆள், வந்து சேர்ந்தார்.

என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஆனாலும் முறைப்படி என்னை அண்ணி என்பார். நான் தம்பி என்பேன், வாங்க போங்க என்றுதான் பேசுவேன். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். குழாய் சொட்டினால் உடனே கழற்றுவார். சொட்டாத குழாயையும் கழற்றுவார். நான் வலது பக்கம் நகர்ந்தால் அங்கே நிற்பார், இடது பக்கம் திரும்பினால் அங்கேயும் நிற்பார். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் இவரைப்போலக் கப்பல் நின்றுபோன ஆட்கள் முன்னாலேயே வரிசையில் நின்றார்கள். இரண்டு வாரம் அலைந்துவிட்டு, கேட்பதை நிறுத்தினார். விடிந்ததும் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைகளுக்கு மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தார்.

நிறைய பிடித்தார். திலாப்பியா, கெளுத்தி, விரால், சில நாள் தோமான். தோமான் என்பது விராலுக்குப் பெரியப்பன் மாதிரி. கை நீளத்துக்கு இருக்கும், வாய் நிறையப் பல்லோடு. எல்லாவற்றையும் உயிரோடு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து என் சமையல்கட்டுத் தொட்டியில் கொட்டுவார். நானோ பின்பக்கம் சாக்கடை ஓரத்தில் குத்துக்காலிட்டு, தரையில் பலகையைப் போட்டு ஆய்வேன். செதில் தெறித்துத் தலைமுடியில் ஒட்டும். எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வீட்டுக்குள் வாடை போகாது.

புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினார். சனிக்கிழமை காலை நான் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சாமிக்குப் படைக்கச் சர்க்கரைப் பொங்கலை இறக்கி வைத்திருந்தேன். பின்கதவு வழியாகச் சாக்குமூட்டையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, இங்க பாருங்க, என்னா சைஸு!"

நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் சாக்கைத் தொட்டியில் சாய்த்துவிட்டார். தோமான். தொட்டிக்குள் அது அடங்கவில்லை. வாலை ஒருமுறை வீசியது. தொட்டியிலிருந்து எகிறி அடுப்புமேடைமேல் விழுந்து, பொங்கல் பானையைத் தட்டிவிட்டு, தரையில் துள்ளியது. பொங்கலும் மீனும் ஒன்றாகக் கிடந்தன. அவர் அதைப் பிடிக்கக் குனிந்தார், வழுக்கி விழுந்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நின்றேன். யாரை அடிப்பது என்று தெரியாமல்தான் நின்றேன்.

"தம்பி," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "இனிமே மீனு இந்த வாசப்படிய தாண்டி உள்ள வரக்கூடாது. அது உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்."

"சாரி அண்ணி. நாளு கெழம மறந்துபோச்சு."

"வேல இல்லாத ஆளுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மீனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது.

முதல் மேசையை அன்று மாலைக்குள் முடித்துவிட்டார். பாசாரில் கிடந்த பழப்பெட்டிப் பலகைகளும், தோட்டத்துப் பக்கமிருந்து கொண்டுவந்த ரப்பர்க் கட்டைகளும். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ரப்பர் மரம் வெயிலுக்கும் மழைக்கும் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் முந்தின நாள் பேசிய பேச்சுக்குப் பிறகு மறுபடி வாய் திறக்க மனம் வரவில்லை. புரட்டாசி முடிவதற்குள் கால்களில் பூஞ்சை படர்ந்தது. பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டியது. பலகைகள் மீன் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதின. சந்துப் பூனைகள் எல்லாம் வந்து அந்தப் பலகையை நக்கின. ஒரு நாள் நான் விராலின் தலையில் கத்தியை அழுத்தும்போது மேசை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து மண்டிபோட்டது.

இரண்டாவது மேசைக்குப் புது மரச்சட்டம், மேலே கூரைக்குப் போடும் சின்க் தகடு. மழைக்கு நிற்கும் என்றார். நின்றது. ஆனால் தகட்டை மடித்த ஓரங்களில் செதில் போய் அடைந்துகொண்டு நாறியது. கத்தி பட்ட இடமெல்லாம் கீறிக் கீறித் துரு பிடித்தது. ஆணியடித்த முனை ஒன்று தூக்கிக்கொண்டு என் உள்ளங்கையைக் கிழித்தது. அவர் ஓடிவந்து பார்த்தார். நான் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல," என்றேன். அன்றே தகட்டைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார். இரண்டு நாள் மீன் பிடிக்கப் போகவில்லை. பின்பக்கத் தரையில் கரித்துண்டால் கோடு கோடாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லுலதான் கட்டணும் அண்ணி. ஒரே தடவையா. அப்புறம் யாரும் தொட வேண்டியதில்ல."

"கல்லுக்கு எங்க போறது?"

"மலையிலேயே இருந்துக்கிட்டு கல்லுக்கு எங்க போறதுன்னு கேக்குறீங்க?"

எங்கள் பக்கத்து மலைகளை வெட்டிச் சலவைக்கல் அறுக்கும் பட்டறைகள் அப்போது நிறைய. அதில் ஒன்றுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கல்லைப் பார்த்து நீங்கதான் சொல்லணும் என்றார். பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே ஒருவர், உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடு, கழித்துப் போட்ட பலகைகளின் குவியலைக் காட்டினார். ஓரம் சிதறியவை, நடுவில் கோடு விழுந்தவை. நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கோடு விழுந்த கல் பொத்தென்று ஒலிக்கும். முழுக்கல் மணிபோல் ஒலிக்கும். இரண்டு விரல் கனத்தில், நீளமாக, ஒரு மூலை மட்டும் உடைந்த கல் ஒன்று நன்றாக ஒலித்தது. இதுதான் என்றேன். எதற்கு என்று தவுக்கே மலாயில் கேட்டார். மீன் வெட்ட என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். சமாதிக்கும் மாளிகைக்கும் போகிற கல் மீன் வெட்டவும் போகட்டும் என்று சொல்லி, மறுநாள் தம் லாரியிலேயே அனுப்பிவைத்தார்.

கல்லை ஏற்றுமுன் கால்களைக் கட்ட வேண்டும். எங்கோ இடித்த வீட்டிலிருந்து செங்கல் கொண்டுவந்தார். நான் பழைய காரையைக் கொத்தி உதிர்த்துக் கழுவிக் கொடுத்தேன். சிமெண்டையும் மணலையும் சேர்த்து நானே கலந்தேன். மண்வெட்டியைப் பிடித்ததும் முதுகில் எதுவோ விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. கணவர் ஊரில் இல்லாத நாள் அது. ஊரில் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேனா? செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எவ்ளோ ஒசரம் வெக்கலாம்?" என்று கேட்டார்.

"ஒங்களுக்கு எது சரியோ."

"நானா ஆயப்போறேன்? வந்து நில்லுங்க. கைய மடக்குங்க."

சுவரோரம் போய் நின்றேன். முழங்கையை மடக்கினேன். அவர் ஓரடி தள்ளி நின்றபடி கையை நீட்டி, என் முழங்கைக்கு ஒரு சாண் கீழே சுவரில் கரியால் கோடு போட்டார். நிமிர்ந்தபோது சந்துக்கு அந்தப் பக்கத்து அக்கா தம் பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் முறம் இருந்தது. புடைக்கவில்லை.

"என்னா அக்கா, சாப்டாச்சா?" என்றேன்.

"ம்ம்," என்றார்.

இரண்டு தூண்களும் எழும்பி நன்றாக இறுகிய பிறகு கல்லை ஏற்றும் நாள் வந்தது. லாரிக்காரர்கள் அதைச் சந்தின் முனையில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கீழே இரும்புக் குழாய்களைப் போட்டு உருட்டிக்கொண்டு வந்தோம்: அவர் பின்னாலிருந்து தள்ளுவார், நான் பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து ஓடிப்போய் முன்னால் போடுவேன். சந்தில் இருந்த பின்கதவுகள் எல்லாம் திறந்தன. யாரும் உதவிக்கு வரவில்லை, ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். சாக்கடைக்கு மேலே பலகையைப் பாலமாகப் போட்டுக் கடத்தினோம். தூண்மேல் எப்படி ஏற்றுவது என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒரு பக்கத்த தூக்கி செங்கல் வெப்போம். அப்புறம் அந்தப் பக்கம். மாத்தி மாத்தி வெச்சா தானா ஏறிரும்," என்றேன்.

"இவ்ளோ கனம் நீங்க தூக்குவீங்களா?"

"காண்டா தூக்குன தோளு தம்பி இது."

அப்படியே ஏற்றினோம். இந்தப் பக்கம் ஒரு செங்கல், அந்தப் பக்கம் ஒரு செங்கல். கல் ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டு மேலே வந்தது. தூண் உயரத்துக்கு வந்ததும் புதுச் சிமெண்டைப் பூசி மெல்ல நகர்த்தி உட்கார வைத்தோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் கல்லின்மேல் ஊற்றினார்.

தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓட வேண்டும். அதற்காகத்தான் தூண்களை அந்தப் பக்கம் அரை விரல் தாழ்த்திக் கட்டியிருந்தார். ஆனால் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, நேராகச் சமையல்கட்டு வாசலை நோக்கி ஓடியது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சிமெண்டு இன்னும் ஈரம். இப்போது தூக்கினால் தூக்கலாம். இறுகிவிட்டால் அவ்வளவுதான். அதே நேரம் மலை மறைய ஆரம்பித்தது. ஈப்போ மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. மலை மறைந்தால் அது வந்துவிட்டது என்று பொருள்.

"தூக்குங்க," என்றேன்.

வீட்டுப் பக்கத்து ஓரத்தை நான் தோளைக் கொடுத்து நெம்பினேன். அவர் உடைந்த ஓட்டுத் துண்டுகளைச் செருகி, கையாலேயே சிமெண்டை அள்ளி அள்ளித் திணித்தார். மறுபடி தண்ணீர் ஊற்றினோம். நடுவில் குளமாக நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். முதல் துளிகள் விழுந்தன. மறுபடி ஊற்றினார். இந்தத் தடவை தண்ணீர் தயங்காமல் சாக்கடைப் பக்கம் போய் வரிசையாகச் சொட்டியது. கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

அப்போதே மழை கொட்டத் தொடங்கியது. புதுப் பூச்சு கரைந்து ஓடிவிடும். அவர் சுவரோரம் சாய்ந்திருந்த சின்க் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். கல்லுக்கு மேலே தலைக்குமேல் கூரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றோம். தகட்டில் மழை விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆணி போன ஓட்டை வழியாக ஒரு தாரை சரியாக அவர் மூக்கின்மேல் விழுந்தது. கையை எடுத்தால் தகடு விழும். எடுக்காவிட்டால் மூக்குக்குள் தண்ணீர். அவர் முகத்தைக் கோணிக் கோணித் தும்மினார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். நனைந்து, கையெல்லாம் சிமெண்டாக, மழை விடும்வரை அப்படியே நின்றோம். அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மழை விட்டதும் எதிர்க்கதவைப் பார்த்தேன். முறம் இல்லாமல் அக்கா நின்றிருந்தார்.

மறுநாள் காய்கறி வேன் வந்தபோது நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. அக்கா ஒரு முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தபடி சொன்னார்:

"ஒன் கொழுந்தன் நல்ல வேலக்காரருலா. வீட்டுக்காரர் இல்லாத நாளா பாத்து எல்லா வேலையும் நடக்குது."

"கல்லு வீட்டுக்காரருக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா அக்கா?" என்றேன்.

"எனக்கென்னா? சொல்றவங்க சொல்றாங்க."

கீரையை வாங்காமல் திரும்பினேன். வீட்டுக்குள் வந்து கூட்டிய தரையை மறுபடி கூட்டினேன். கோபம் கை முழுவதும் ஓடியது. கொழுந்தன் பின்பக்கம் தண்ணீர் வழியாமலிருக்கக் கல்லின் ஓரத்துக்குச் சிமெண்டு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இதைச் சொல்ல முடியாது. சொல்லாமல் இயல்பாகப் பேசவும் வரவில்லை. தேநீரைக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். முந்தின நாள்வரை கையில்தான் கொடுப்பேன். அவர் தேநீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து வரம்பைப் பூசத் தொடங்கினார்.

என் கணவர் காதுக்கு அது எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த விடுமுறை நாளில் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போலப் படுக்கப் போகாமல், பின்பக்கம் போனார். நானும் போனேன். கல்லை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்தார். இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லாத்தான் கட்டியிருக்கான்," என்றார். பிறகு, "ஒசரம் கம்மியா இருக்கே?"

"எனக்குச் சரியா இருக்கு."

"ஒனக்கு அளவெடுத்தா கட்டுனான்?"

"நான்தானே மீனு ஆயறேன். வேற யாருக்கு அளவெடுக்கிறது?"

அவர் சாக்கை மறுபடி ஒழுங்காக மூடினார். அன்று மாலை தம்பி குட்டையிலிருந்து வந்ததும் முன்னறையில் உட்கார வைத்துப் பேசினார். ஜொகூர்ப் பக்கம் பாசிர் கூடாங் துறைமுகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், ஆள் எடுக்கிறார்கள், நாளைக்கு என் பஸ்ஸிலேயே வந்துவிடு என்றார்.

"நாளைக்கேவா?"

"வேல நமக்காக நிக்காதுலா."

கொழுந்தனின் முழங்கால் ஆடவில்லை. "தண்ணி வடியுற பைப்பு இன்னும் வெக்கலண்ணே," என்றார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் விடியற்காலையில் பின்பக்கம் சத்தம் கேட்டு எழுந்து போனேன். வரம்பின் தாழ்ந்த மூலையில் குழாயைப் பதித்து, சாக்கடைவரை நீட்டி, சுற்றிலும் சிமெண்டு பூசி முடித்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"சாக்க நனச்சு நனச்சு போட்டுக்கிட்டே இருங்க அண்ணி. இன்னும் ஒரு வாரத்துக்குக் கனமா எதையும் வெக்காதீங்க."

"தூண்டிலெல்லாம் எடுத்துக்கலியா?"

"கடல்ல இது ஆகாது. இருக்கட்டும்."

துணிப்பையை எடுத்துக்கொண்டார். வாசலில் அண்ணன் காத்திருந்தார். நான், "ஒழுங்கா சாப்புடுங்க தம்பி," என்றேன். "வாரேன் அண்ணி," என்றார். போய்விட்டார்கள்.

கணவர் திரும்பி வந்த அன்று நான் சமைக்கவில்லை. என்ன என்று கேட்டார்.

"யாரு என்னா சொன்னா ஒங்கக்கிட்ட?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமயா ஒரே நாள்ல அனுப்புனீங்க?"

"அவனுக்கு வேல வேணும். சும்மா உக்காந்திருந்தா அவன் செத்துருவான். ஒனக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியும். அவர் சொன்னது உண்மை. ஆனால் அது மட்டும்தான் உண்மையா என்று அவர் கண்ணைப் பார்த்துத் தேடினேன். அவர் பஸ் ஓட்டிச் சிவந்த கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கு ஒம்மேல சந்தேகம் ஒண்ணும் இல்ல," என்றார். "ஆனா சந்து முழுக்க நான் ஓடிப் போய் சொல்ல முடியுமா?"

"எனக்கும் அவரு மேல ஒண்ணும் இல்ல. அந்தக் கல்ல தூக்குனப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. அவ்ளோதான். அத யாருக்கிட்ட சொல்றது?"

அவர் என்னைப் பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. எழுந்து போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அதைப் பிய்த்துச் சாப்பிட்டோம்.

கல் நன்றாக இறுகியது. ஆனால் ஆய மீன் இல்லை. பாசாரில் வாங்கிய கெம்போங்கை அதில் வைத்து ஆய்ந்தேன். அவ்வளவு பெரிய கல்லில் அந்தச் சின்ன மீன்கள் பரிதாபமாகக் கிடந்தன. வாடை போகப் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். சில வாரத்தில் கல்லின் பளபளப்பு போய்ச் சொரசொரப்பானது. புளிப்பு பட்டால் சலவைக்கல் அரித்துப்போகும் என்று எனக்கும் கொழுந்தனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வழவழப்பு போனதும் மீன் வழுக்காமல் நின்றது.

பிறகு ஒரு விடுமுறை நாளில் என் கணவர் படுத்துத் தூங்காமல் தம்பியின் தூண்டில்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் விரல் நீளத்தில் இரண்டு திலாப்பியாக்களோடு வந்தார். அடுத்த வாரமும் போனார். மீன் பிடிக்கும் கை அவருக்குக் கிடையாது. ஆனாலும் போனார். பிடித்ததைத் தானே ஆய்வதாகச் சொல்லி, உயரமான உடம்பை அந்தக் கல்லுக்குக் குனிய வைத்து, செதில் சீவுவார். முதுகு வலிக்கும், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பார். மறுபடி குனிவார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவேன். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கியது அங்கேதான். பஸ்ஸைப் பற்றி, பயணிகளைப் பற்றி, தோட்டத்தில் நான் என்னவெல்லாம் தூக்கினேன் என்பதைப் பற்றி.

கொழுந்தனுக்கு அங்கே வேலை நிலைத்தது. ஜொகூரிலேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டார். தீபாவளிக்கு வருவார்கள். அவர் மனைவி அந்தக் கல்லில் நின்று என்னோடு கோழி வெட்டுவாள். அவர் பக்கத்தில் வந்து குழாயைக் குனிந்து பார்த்து, "லீக் இல்லல்ல?" என்று கேட்பார். இல்லை என்பேன். எதிர்வீட்டு அக்காவும் தம் வீட்டு விசேஷத்துக்குப் பெரிய மீன் வாங்கினால், "கொஞ்ச நேரம் ஒன் கல்ல குடுக்கிறியா?" என்று வருவார். கொடுப்பேன். அவரிடம் சிரித்துப் பேசுவேன். அந்த முருங்கைக்காயை மட்டும் மறந்ததில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். மேசை முடிந்த சில மாதங்களில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. கட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை. தோளுக்கு எதையாவது தூக்க வேண்டும்போல் இருந்தது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நடந்து நடந்து தரை தேய்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. பக்கத்தில் கையுறைத் தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்க் கேட்டேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

கணவரிடம் சொன்னபோது கல்லில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்தார்.

"வீட்ட யாரு பாத்துக்கிறது?"

"வீடு எங்கயும் ஓடிப்போகாது. பூட்டிட்டுப் போறேன்."

"ஷிஃப்ட்டு வேல. ஒன்னால முடியுமா?"

"தெரியல. போய்ப் பாக்குறேன்."

அவர் மீனைக் கழுவினார். தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் கேட்டது. "காலையில பஸ்ஸு எத்தன மணிக்கு வருது?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை விடியும் முன்பே ரோட்டோரம் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டபடி, "புதுசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இங்கேயெல்லாம் பஸ் நேரத்துக்கு வராது, உட்காருங்க அக்கா என்று பக்கத்துக் கட்டையைக் காட்டினாள். நான் உட்காரவில்லை. கல் ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் பின்னாலேயே தொழிற்சாலை பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. கையை நீட்டி நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, அது எங்களுக்காகத்தான் வருகிறது. இருந்தாலும் நீட்டினேன்.